காற்றை அளந்த கம்பங்கள்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே கடலோரமாக அமைந்திருக்கும் ராயபுரம், பெயரிலேயே கடலோடு உறவு கொண்ட ஊர். மீன் பிடித்து வாழ்ந்த பேதுரு என்னும் அடியாரைத் தமிழ்க் கிறித்தவர்கள் ராயப்பர் என்று வழங்கினர். அவர் பெயரால் எழுந்ததே ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி 1856 ஆம் ஆண்டில் இவ்வூர் நிலையத்திலிருந்துதான் வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது. ஆதலால் வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ராயபுரம் என்றவுடன் இருப்புப்பாதையே நினைவுக்கு வரும். நான் இன்று பேசப் புகுவது இருப்புப்பாதையைப் பற்றியன்று. அந்நிலையத்திற்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் கடலையும், அக்கடல்மேல் வீசும் காற்றையும், அக்காற்று எத்திசையிலிருந்து எத்துணை வேகத்தில் வருகிறது என்பதை அறிவதற்காக மனிதர் நாட்டிய கம்பங்களையும் பற்றியே பேசப் போகிறேன்.

காற்றின் திசையை அறிவது ஒரு பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கம்பின் நுனியில் கந்தைத் துணியைக் கட்டி உயர்த்தினால் போதாதா? கம்பு நிலத்தில் ஊன்றி நிற்குமானால் போதும். அந்தக் கம்பே நகருமானால்? நகர்வதோடு நில்லாமல் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் செய்யுமானால்? இந்த வினாவில்தான் இருநூறு ஆண்டுக் கால விஞ்ஞான வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றில் நம் சென்னைக் கடற்கரைக்கு உள்ள பங்கு சிறிதன்று.

தமிழர் காற்றுக்குப் பெயரிட்ட முறையை முதலில் கவனியுங்கள். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. ஈழத்துக் கடற்கரையில் தென்காற்றைச் சோழகம் என்றும், மேல்காற்றைக் கச்சான் என்றும் வழங்குவர். இப்பெயர்கள் யாவும் காற்று எங்கே போகிறது என்பதைச் சொல்வன அல்ல. எங்கிருந்து வருகிறது என்பதையே சொல்வன. இன்று உலகெங்கும் வானிலை ஆய்வாளர் கையாளும் மரபும் இதுவே. மாலுமிக்கு வேண்டியதும் அதுதான். வந்துவிட்ட காற்றை அவன் பாய் அறியும், வரப்போகிற காற்றை அவன் அறிந்தாக வேண்டும். கரிகால் வளவனின் முன்னோன் ஒருவன் காற்றைத் தன் ஏவலுக்கு உட்படுத்திக் கடலில் கலம் செலுத்தினான் என்று வெண்ணிக் குயத்தியார் புறநானூற்று 66 ஆம் பாட்டில் புகழ்கிறார். புலவரின் மிகை என்று அதனைத் தள்ளிவிட வேண்டா. பருவக்காற்றின் திசையறிந்து கலம் செலுத்தும் கலை இக்கரையில் எவ்வளவு பழைமையானது என்பதற்கு அது சான்று.

கட்டுமரத்தில் ஏறிச் சென்ற மீனவருக்குக் கருவி ஏது? கன்னத்தில் படும் காற்று, காதில் கேட்கும் இரைச்சல், அலையின் மேல் எழும் நுரை, கையில் பிடித்த பாய்க்கயிற்றின் இழுப்பு, இவையே அவர் கருவிகள். இவற்றைத் தாழ்வாக எண்ணுதல் ஆகாது. பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த பிரான்சிஸ் போபோர்ட் என்பார் 1806 ஆம் ஆண்டில் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்த காற்றளவு முறையும் ஏறத்தாழ இத்தகையதுதான். காற்றின் வலிமையை எண்களாகப் பகுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய்களை விரித்துச் செல்ல முடியும் என்பதையே அவர் அடையாளமாக வைத்தார். எந்தப் பாயும் தாங்கமாட்டாத காற்று அதில் கடைசிப் படி. அம்முறையை 1838 இல் பிரிட்டிஷ் கடற்படை முழுவதும் மேற்கொண்டது. கப்பலின் பாயே காற்றுமானியாக இருந்த காலம் அது.

கரையில் முறையாகப் பதிவு செய்யும் வழக்கம் சென்னைக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் 1792 ஆம் ஆண்டில் ஒரு வானாய்வு நிலையத்தைக் கட்டினர். அதனை அமைத்தவர் மைக்கேல் டாப்பிங். அவர் நிறுவிய கருங்கல் தூண் ஒன்று நுங்கம்பாக்கத்து வானிலை ஆய்வு நிலையத்தின் வளாகத்தில் நிற்கிறது. அதில் இலத்தீன், தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. வாய்ப்பு நேரும்போது மாணவர்கள் அதைச் சென்று காணலாம். விண்மீன்களை நோக்குவதற்காக எழுந்த அந்நிலையத்தில், 1796 முதல் கோல்டிங்ஹாமின் மேற்பார்வையில் வானிலைக் குறிப்புகளும் எழுதப்பட்டன.

விண்மீன் பார்ப்பவருக்கும் காற்றுக்கும் என்ன உறவு? ஓர் உறவு உண்டு; அது சுவையானது. ஆங்கிலேய வானநூலறிஞர் ஜேம்ஸ் பிராட்லி, விண்மீன்கள் ஆண்டுதோறும் தம் இடத்திலிருந்து சிறிதளவு விலகித் தோன்றுவதன் காரணம் விளங்காமல் திகைத்திருந்தார். ஒரு நாள் தேம்ஸ் ஆற்றில் படகில் செல்லும்போது, படகு திசை திரும்பும் ஒவ்வொரு முறையும் பாய்மரத்து உச்சியில் இருந்த காற்றுக்கொடியும் திரும்புவதைக் கண்டாராம். காற்று ஏன் இப்படி மாறி மாறி வீசுகிறது என்று படகோட்டிகளைக் கேட்டார். காற்று மாறவில்லை, படகு திரும்புவதால் கொடி திரும்புகிறது என்று அவர்கள் விடை சொன்னார்கள். அவ்வளவில் அவர் உள்ளத்தில் ஒளி பிறந்தது. பூமி என்னும் படகு திசை மாறுவதால் விண்மீனின் ஒளி சாய்ந்து வருவதுபோல் தோன்றுகிறது என்று 1728 இல் அவர் உலகுக்கு அறிவித்தார். படகுக் கதை பிற்காலத்தவர் எழுதி வைத்தது. ஆயினும் அதிலுள்ள உண்மை பழுதற்றது. பேரறிஞர் ஒருவருக்குப் புதிராக இருந்தது படகோட்டிகளுக்கு நாள்தோறும் கண்ட செய்தியாக இருந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

அதனை ஒரு கணக்கால் விளக்குகிறேன். ராயபுரத்திலிருந்து ஒரு படகு எண்ணூரை நோக்கி, அதாவது வடக்கு நோக்கி, மணிக்கு 8 கடல்மைல் வேகத்தில் செல்கிறது என்று கொள்ளுங்கள். கொண்டல் காற்று, நேர் கிழக்கிலிருந்து, அதே 8 கடல்மைல் வேகத்தில் வீசுகிறது. படகு முன்னே ஓடுவதால் அதற்கு எதிரே ஒரு காற்று தானே பிறக்கிறது. அதன் வேகமும் 8. இரண்டும் சேரும்போது படகிலுள்ளவன் உணர்வது வடகிழக்கிலிருந்து வரும் 11.3 கடல்மைல் காற்று. ஒரு சதுரம் வரைந்து அதன் மூலைவிட்டத்தை அளந்தால் இது விளங்கும். அதே படகு தெற்கே திரும்பினால், அதே காற்று தென்கிழக்கிலிருந்து வருவதாகத் தோன்றும். கொடி 90 பாகை திரும்பிவிட்டது. காற்றோ ஓர் இம்மியும் மாறவில்லை. தோன்றும் காற்று ஒன்று, உண்மைக் காற்று வேறு.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை, உயிரளவில் வருகிறது. நம் கரையில் புயல் வீசும்போது அது தெரியும். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் 1848 இல் மாலுமிகளுக்காக ஒரு நூல் வெளியிட்டார். வங்கக் கடலின் புயல்கள் நேர்கோட்டில் பாய்வன அல்ல, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வன என்பதை விளக்கி, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து சைக்கிளோன் என்னும் பெயரை ஆக்கியவர் அவரே. நூலோடு, கொம்பினால் செய்த மெல்லிய ஒளிபுகும் தகடுகளும் வழங்கப்பட்டன. அவற்றில் காற்றின் சுழற்சி அம்புக்குறிகளாக வரையப்பட்டிருந்தது. மாலுமி தன் கப்பல் இருக்கும் இடத்தில் அத்தகட்டை வைத்து, தான் உணரும் காற்றோடு அம்பைப் பொருத்திப் பார்த்தால் புயலின் மையம் எங்கிருக்கிறது என்று தெரியும். 1857 இல் டச்சு அறிஞர் பைஸ் பாலட் இதனையே சுருக்கமான விதியாக வகுத்தார். நம் நாடு இருக்கும் வட பாதி உலகில், காற்றை எதிர்நோக்கி நின்றால், புயலின் மையம் நம் வலக்கைப் பக்கம், சற்றுப் பின்னே இருக்கும்.

ராயபுரம் கரையில் நின்று இதைப் பொருத்திப் பாருங்கள். வாடை முகத்தில் அறைகிறது. வலக்கையை நீட்டினால் அது கடலைச் சுட்டுகிறது. புயல் அங்கே இருக்கிறது. காற்று மெல்ல வடமேற்காகத் திரும்பினால் மையம் நமக்கு வடகிழக்கே போகிறது. புயல் வடக்கே விலகிச் செல்லும், காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். வடகிழக்காகத் திரும்பினாலோ மையம் தென்கிழக்கே வருகிறது. புயல் நமக்குத் தெற்கே கரையேறும், கடல்நீரை அள்ளிக்கொண்டு காற்று ஊருக்குள் பாயும். காற்றின் திசை சில பாகை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் ஒரு குப்பத்தின் கதி அடங்கியிருக்கிறது. கடலில் உள்ள கப்பலுக்கோ அந்தச் சில பாகைகள், எந்தப் பக்கம் ஓடித் தப்புவது என்னும் வினாவுக்கு விடை. கப்பலின் ஓட்டத்தைக் கழிக்காமல் தோன்றும் காற்றையே உண்மைக் காற்றென்று நம்பிய மாலுமி, மையத்தை விட்டு விலகுவதாக நினைத்து மையத்தை நோக்கியே செல்லக்கூடும்.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் இவ்வினா ஒவ்வொரு புயலிலும் எழுந்தது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சென்று சரக்கையும் மனிதரையும் கரை சேர்க்கும். அப்படகுகளின் மரப்பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல, தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. புயலின் குறி கண்டால் கப்பல்கள் நங்கூரத்தை விட்டுவிட்டு ஆழ்கடலுக்கு ஓட வேண்டும். 1872 மே 2 ஆம் நாள் வீசிய புயலில் அவ்வாறு ஓடாத கப்பல்கள் பல கரையில் மோதி உடைந்தன. பின்னர் 1875 இல் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினர். இரண்டு நீண்ட கல்லணைகள் ஏறக்குறைய முடிவுறும் தறுவாயில், 1881 நவம்பர் 12 ஆம் நாள் வந்த புயல் அவற்றைப் பெரும்பகுதி தகர்த்தெறிந்தது. மீண்டும் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் சென்றன. அத்துறைமுகம் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வந்த மணல் அதன் தென்புறத்திலே தங்கி மெரினாவை அகலமாக்கியது. மணல் வராத வடபுறத்தில் ராயபுரம் கரையைக் கடல் அரித்தது. ஒரு கரைக்குக் கிடைத்த வரம் மற்றொரு கரைக்குச் சாபமாயிற்று. அது தனியே ஒரு நாள் பேசத்தக்க பொருள்.

கல்கத்தாவை 1864 ஆம் ஆண்டுப் புயல் அழித்தபின், 1865 இல் அத்துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு தொடங்கிற்று. 1875 இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டு, ஹென்றி பிளான்போர்ட் அதன் தலைவரானார். 1898 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இந்தியத் துறைமுகங்கள் அனைத்திற்கும் ஒரே விதமான எச்சரிக்கை அடையாளங்கள் நடைமுறைக்கு வந்தன. செய்தித்தாளில் 'துறைமுகத்தில் 3 ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று படிக்கிறோம் அல்லவா? அந்தக் கூண்டுகளின் வரலாறு இதுதான். 5 ஆம் எண் ஏறினால், புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கரையைக் கடக்கும் என்று பொருள். 6 ஆம் எண்ணானால் வலப்பக்கம் விட்டு. 7 ஆம் எண்ணானால் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ. 8, 9, 10 ஆகியவை அதே மூன்று செய்திகளைக் கடும்புயலுக்குச் சொல்கின்றன. எச்சரிக்கை தரும் நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கும் ஒரு கூண்டு உண்டு, அது 11. என்னளவில், இவையனைத்திலும் அச்சந்தரும் எண் அந்தப் பதினொன்றுதான்.

எச்சரிக்கை செய்வதற்கு அளவு வேண்டும். அளவுக்குக் கருவி வேண்டும். அயர்லாந்திலுள்ள ஆர்மா வானாய்வு நிலையத்தில் தாமஸ் ராபின்சன் 1846 இல் நான்கு அரைக்கோளக் கிண்ணங்களைச் சிலுவை போன்ற சட்டத்தில் பொருத்திக் காற்றுமானி செய்தார். கிண்ணங்கள் காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தோடு சுழலும், கிண்ணத்தின் அளவு எதுவாயினும் இவ்விகிதம் மாறாது என்று அவர் கருதினார். ஆகவே கிண்ணத்தின் வேகத்தை 3 ஆல் பெருக்கிக் காற்றின் வேகம் என்று எழுதி வந்தார்கள். பிற்காலச் சோதனைகளில் கருவிக்குக் கருவி இந்த எண் மாறுவதும், பல கருவிகளுக்கு 3 ஐவிடக் குறைந்த எண்ணே பொருந்துவதும் தெரியவந்தன. எனவே பழைய பதிவேடுகளில் காணும் புயல் வேகங்களை இக்காலத்து எண்களோடு அப்படியே ஒப்பிட்டுவிடக் கூடாது. வரலாற்று மாணவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்; ஏட்டில் உள்ள எண்ணுக்கும் அதை எழுதிய கருவிக்கும் உள்ள உறவை விசாரிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது அரைகுறை வரலாறு. 1879 இல் ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலம் புயலில் இரயிலோடு சரிந்து விழுந்தபின், காற்றின் அழுத்தத்தை நம்பகமாக அளக்கும் முயற்சி மும்முரமாயிற்று. அதன் பயனாக டைன்ஸ் என்பவர் குழாய் வழியே காற்றழுத்தத்தைப் பதியும் காற்றுமானியை அமைத்தார்.

இவையெல்லாம் நிலத்தில் ஊன்றிய கம்பங்களின் கதை. இனி நகரும் கம்பத்துக்கு வருவோம். இங்கே நம் தமிழ்ச் சொல் ஒன்று உலகம் சுற்றிய கதை குறுக்கிடுகிறது. சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697 இல் வெளியிட்ட பயண நூலில் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அதுமுதல் 'கட்டமரான்' ஆங்கிலச் சொல்லாயிற்று. நாளடைவில் அச்சொல், மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய நம் கலத்தைக் குறிப்பதை விட்டு, இரண்டு ஒடுங்கிய படகுடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த வேறொரு கலத்துக்குப் பெயராயிற்று. 1876 இல் நத்தானியல் ஹெரஷாப் அமெரிக்காவில் அத்தகைய இரட்டையுடல் படகைக் கட்டிப் பந்தயத்தில் மற்றப் படகுகளை நாணச் செய்தார். அமைப்பில் அது பசிபிக் தீவினரின் கலத்துக்கே நெருங்கிய உறவு. பெயர் மட்டும் நம்முடையது.

இக்காலத்து இரட்டையுடல் பந்தயப் படகுகளில் ஒரு புதுமை உண்டு. அவற்றின் பாய்மரம் அசையாமல் நிற்பதில்லை. தன் அச்சில் திரும்புகிறது. ஏன் என்று சொல்கிறேன். உருண்டையான மரத்தின் பின்னே பாயைக் கட்டினால், மரத்தில் மோதும் காற்று சுழித்துக் கலங்கிப் பாயின் முன்பகுதியைப் பயனற்றதாக்கும். ஆற்று நடுவே நிற்கும் கல்லின் பின்புறம் நீர் சுழிப்பது போன்றது அது. அதனால் மரத்தைப் பறவைச் சிறகின் முன்விளிம்பு போல் நீள்வட்டமாகச் செதுக்கி, காற்று வரும் பக்கமாக அதன் கூர்முகத்தைத் திருப்புகிறார்கள். காற்று மரத்தையும் பாயையும் ஒரே சிறகாகக் கருதி வழுக்கிச் செல்கிறது. 2016 இல் ரியோ நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்ற நாக்ரா 17 என்னும் இரட்டையுடல் படகின் பாய்மரமும் இப்படித் திரும்புவதே.

சிறகு கிடைத்தது, ஒரு சிக்கலும் கூட வந்தது. காற்றின் திசை காட்டும் கருவி பாய்மரத்தின் உச்சியில் இருக்கிறது. பாய்மரம் திரும்பினால் கருவியும் திரும்புகிறது. படகின் முகப்புக்கு வலப்புறம் 30 பாகையில் காற்று வருவதாக வைத்துக்கொள்வோம். பாய்மரமும் வலப்புறம் 30 பாகை திரும்பியிருக்கிறது. கருவி என்ன காட்டும்? சுழியம் காட்டும். அதாவது காற்று நேர் எதிரே வருகிறது என்று சொல்லும். எந்தப் பாய்க்கலமும் நேர் எதிர்க்காற்றில் செல்ல இயலாது. படகோ விரைந்து சென்றுகொண்டிருக்கிறது! மரம் 50 பாகை திரும்பினால் நகைப்புக்கு இடமான நிலை. வலப்புறக் காற்றைக் கருவி இடப்புறம் 20 பாகையில் காட்டும். கருவியில் பழுது இல்லை. தான் நிற்கும் கம்பத்துக்கு அது உண்மையே சொல்கிறது. அந்தக் கம்பம் எப்படி நிற்கிறது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

இதற்கு வழி, பாய்மரம் திரும்பிய கோணத்தை வேறாக அளந்து கூட்டுவது. பாய்மரத்தின் அடியில் ஓர் உணர்கருவியை வைத்து அளக்கலாம். அல்லது உச்சியில் ஒரு மின்னணுக் காந்தத் திசைகாட்டியும், படகுடலில் ஒன்றும் வைத்து, இரண்டும் காட்டும் திசைகளின் வேற்றுமையைக் கணக்கிடலாம். உச்சியிலிருந்து செய்தியைக் கீழே கொண்டுவரக் கம்பி இழுத்தால், மரம் திரும்பத் திரும்பக் கம்பி முறுக்கேறி அறும். உப்புநீர் இணைப்புகளை அரிக்கும். ஆகையால் உச்சிக் கருவி தன் அளவுகளை ரேடியோ அலையாகக் கீழே அனுப்புகிறது. அதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கையகலச் சூரிய மின்கலம் தருகிறது. நம் தாத்தாக்கள் கம்பியில்லாத் தந்தி என்று வியந்த அதே தத்துவந்தான். ஒரு காலத்தில் கடல் கடந்து செய்தி அனுப்பியது, இங்கே பாய்மரத்தின் உயரத்தைக் கடக்கிறது.

கிண்ணங்களுக்கும் சில கருவிகளில் விடை கொடுத்துவிட்டார்கள். எதிரெதிரே உள்ள முனைகளுக்கிடையே, நம் செவிக்குக் கேட்காத ஒலித்துடிப்புகளை இருபுறமும் அனுப்புகிறார்கள். காற்றோடு செல்லும் ஒலி விரைவில் சேரும். காற்றை எதிர்த்துச் செல்வது தாமதிக்கும். அத்தாமதத்திலிருந்து வேகமும் திசையும் கிடைக்கின்றன. சுழலும் உறுப்பு ஒன்றுமில்லை. ஆயினும் நுட்பமான தொல்லை ஒன்று எஞ்சுகிறது. காற்றின் கோணமும் பாய்மரத்தின் கோணமும் ஒரே கணத்தில் அளந்தவையாக இருக்க வேண்டும். படகு திரும்பும் வேளையில் பாய்மரம் நொடிப்பொழுதில் மறுபக்கம் சாய்ந்து திரும்புகிறது. ரேடியோ வழி வந்த செய்தி ஒரு நொடி பிந்திவிட்டால், புதிய காற்றோடு பழைய மரக்கோணம் கூட்டப்பட்டுக் கணக்கு கெடும். முதலில் மரத்தின் திருப்பத்தைச் சரிசெய்து, பிறகு படகின் ஓட்டத்தைக் கழித்து, அதன்பின் படகு நோக்கும் திசையைச் சேர்த்தால்தான் வாடையா கொண்டலா என்று சொல்ல முடியும்.

சென்னைத் துறைமுகத்திலும் பாய்ப்படகு விளையாட்டு உண்டு. 1904 இல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங், அலைமோதிய கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் திறந்தவர். அவரே 1911 இல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பையும் நிறுவினார். எனினும் சுழலும் பாய்மரத்தின் புதிருக்கு நம் ஊரில் உற்ற உவமை பந்தயப் படகில் இல்லை. ஆழ்கடலில் தனியே மிதக்கும் மிதவையில் இருக்கிறது.

1993 இல் தோன்றி இப்போது பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், 1996 முதல் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தரவு மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. மிதவையின் கம்பத்தில், நீர்மட்டத்திற்கு 3 மீட்டர் உயரத்தில் காற்றுக்கருவி உள்ளது. மிதவை நகர்ந்து ஓடுவதில்லை. ஆனால் அலையிலும் நீரோட்டத்திலும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கிறது. இப்போது அதன் முகப்பு என்று எதைச் சொல்வது? இங்கும் திசைகாட்டி ஒன்று மிதவையின் திருப்பத்தை அளக்க, அதைக் காற்றின் கோணத்தோடு கூட்டியே உண்மைத் திசை கிடைக்கிறது. பந்தயப் படகில் பாய்மரம் மட்டும் சுழல்கிறது. இங்கே கலம் முழுவதும் சுழல்கிறது.

மற்றொன்று சொல்ல வேண்டும். அலையில் ஆடும் கம்பத்தின் ஒரு கணத்து அளவை நம்ப முடியாது. ஆகவே சில நிமிடங்களுக்குத் தொடர்ந்து அளந்து சராசரி காண்கிறார்கள். சராசரி என்றவுடன் எளிது என்று எண்ணாதீர்கள். வாடை வீசும்போது ஒரு கணம் 350 பாகை, மறுகணம் 10 பாகை என்று வருகிறது. இரண்டும் வடக்கை ஒட்டியவை. கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள். 180 வரும்! வாடை தென்றலாகிவிட்டது. எண்களாகக் கூட்டாமல், அம்புகளாக வரைந்து ஒன்றின் நுனியில் ஒன்றை வைத்துக் கூட்டினால்தான் வடக்கு வடக்காகவே இருக்கும். புயல் தெற்கேயா வடக்கேயா என்று சில பாகைகளில் முடிவாகும் கடலில், இக்கணக்குப் பிழையின் விலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மிதவை அளந்ததைச் செயற்கைக்கோள் வாங்கிக் கரைக்குத் தருகிறது. கரையிலிருந்து கடலுக்குச் செய்தி செல்வதோ நெடுங்காலம் நம் வானொலியின் பணியாக இருந்தது. ஆழ்கடலில் நாட்கணக்காகத் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகுகள் பெருகியபின் அதுவும் போதாமற் போயிற்று. 2017 நவம்பர் 30 ஆம் நாள் கன்னியாகுமரி அருகே விரைந்து உருவெடுத்த ஒக்கிப் புயலில், முன்பே கடலுக்குச் சென்றுவிட்ட மீனவருள் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. காற்றை அளந்தவர்கள் கரையில் இருந்தார்கள். காற்றில் அகப்பட்டவர்களிடம் அதைச் சொல்லக் கம்பியும் இல்லை, கம்பியில்லாத் தந்தியும் இல்லை. 2019 இல் மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம், கைபேசி அலை எட்டாத தொலைவிலும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை தரும் ஜெமினி என்னும் சிறு கருவியை வெளியிட்டது.

மிதவைகளுக்கு ஒரு குறை உண்டு. மிதக்கும் பொருளைச் சுற்றி மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும். வந்த படகு சில வேளை மிதவையிலேயே கயிற்றைக் கட்டும். கருவிகள் உடைந்து, கடலில் அந்த இடம் வானிலையாளருக்கு இருண்டுவிடும். ஆகவே நிறுவனத்தார் மீனவர் ஊர்களுக்குச் சென்று, அந்த மஞ்சள் மிதவை யாருக்காக நிற்கிறது என்பதை எடுத்துச் சொல்லி வருகிறார்கள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் படகுகளின் உச்சியில் கட்டிய கொடிகளை நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் வெளுத்து, நுனி கிழிந்து, காற்று வரும் பக்கத்தை அவையும் காட்டிக்கொண்டிருக்கின்றன. மிதவையின் எண்களும், துறைமுகத்தருகே 2002 இல் நிறுவிய டாப்ளர் ரேடார் கண்டதும் நுங்கம்பாக்கத்தில் ஒன்றுசேர்கின்றன. அங்கே முடிவு செய்தபின் துறைமுகத்துக் கம்பத்தில் கூண்டு ஏறுகிறது. இரவானால் கூண்டுக்குப் பதிலாகச் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள் ஏறுகின்றன.